கரியிற் பிறந்த மெல்லேடு

எளிதிற் கிடைக்கும் பொருளை மக்கள் பெரிதாக மதிப்பதில்லை. அடுப்பிற் கிடக்கும் கரியை யார் போற்றுவார்? ஆயினும், அக்கரியில் மிகுந்துள்ள கார்பன் என்னும் தனிமமே வைரமாகவும் மின்னுகின்றது. பென்சிலினுள் இருக்கும் கிராபைட்டும் அதன் மற்றொரு வடிவமே.

கிராபைட்டில் கார்பன் அணுக்கள் தேனடையின் அறைகளைப் போல அறுகோணங்களாகப் பிணைந்து, ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. ஓர் ஏட்டினுள் அணுக்களின் பிணைப்பு மிக வலிது. ஏட்டிற்கும் ஏட்டிற்கும் இடையேயுள்ள பற்றோ மிக மெலிது. ஆதலின், பென்சிலைத் தாளில் தேய்த்தவுடன் ஏடுகள் வழுக்கிப் பெயர்ந்து படிகின்றன. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராபைட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏடுகள் உள்ளன. அவற்றுள் தனி ஏடு ஒன்றுக்குக் கிராபீன் என்பது பெயர். நீளமும் அகலமும் பெற்று, கனம் ஓரணு அளவே உடைமையின், இதனை இருபரிமாணப் பொருள் என்பர்.

இவ்வேட்டின் இயல்பை வாலஸ் என்னும் அறிஞர் 1947-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டார். எனினும், இத்துணை மெல்லிய ஏடு வெப்பத்தால் நிலைகுலையும், தனித்து நில்லாது என்றே கற்றோர் பலர் கருதினர். 2004-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்போரும் அவர்தம் குழுவினரும் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர். நுண்ணோக்கியில் வைப்பதற்குக் கிராபைட்டைத் தூய்மை செய்வோர், அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, அந்நாடாவைக் குப்பையில் எறிவது வழக்கம். எறியப்பட்ட அந்நாடாவையே இவர்கள் ஊன்றி நோக்கினர். அதிற் படிந்த செதில்களை மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணு ஏட்டினை அடைந்தனர். அவ்வேடு தன்னைத் தாங்கும் பொருளின்மேற் படிந்தும், சிற்றலைகளாக நெளிந்தும் நிலைபெறுகின்றது. 2010-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவ்விருவர்க்கும் வழங்கப்பட்டது.

இனி, இதன் குவாண்டம் பண்புகளைக் காண்போம். எலக்ட்ரான் துகளாகவும் அலையாகவும் ஒழுகுவது. மெல்லேட்டில் அது மேலும் கீழும் செல்ல இடமின்றி ஒரு தளத்திலேயே உலவுகின்றது. கிராபீனில் அது நிறையற்றது போல, ஒளியின் விரைவில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு விரைவுடன் ஓடுகின்றது. வலிய காந்தப் புலத்தில் அதன் குறுக்கு மின்தடையை அளந்தால், அது சரிவாக மாறாது, படிக்கட்டுப் போலப் படிப்படியாக மாறும். இதுவே குவாண்டம் ஹால் விளைவு. கடுங்குளிரிலேயே காணப்பட்டு வந்த இவ்விளைவு, கிராபீனில் அறை வெப்பத்திலும் தோன்றுதல் 2007-இல் அறியப்பட்டது. 2018-இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், ஓர் ஏட்டின்மேல் மற்றோர் ஏட்டை ஏறத்தாழ 1.1 பாகை திருப்பி வைத்தனர்; கடுங்குளிரில் அவ்விரட்டை ஏட்டின் மின்தடை அறவே நீங்கிற்று.

இப்பண்புகளாற் பயன் யாது? மின்தடையைத் துல்லியமாக அளத்தற்குரிய அளவுகோலாகக் கிராபீன் உதவுகின்றது. நுண்ணிய வளிகளை உணரும் கருவிகளுக்கும், பிற பொருள்களை வலிமைப்படுத்துதற்கும் ஏற்றதாகும். ஆயினும், இதனால் ஆகாதது இல்லை என்பது மிகையுரையே. மின்னோட்டத்தை முற்றும் நிறுத்தும் தன்மை இதற்கு இயல்பாக இல்லை. ஆதலின், கணிப்பொறியில் சிலிக்கனின் இடத்தை இது பெறவில்லை. அத்தன்மையுடைய மாலிப்டினம் டைசல்பைடு முதலிய பிற மெல்லேடுகளை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

மாணவர்களே! இயலாது என்று பலர் கூறியதையும் சோதித்தே துணிதல் வேண்டும். குறையைக் குறையென உரைத்தலும் அறிவியலின் பாற்பட்டதே என்பதை உளங்கொள்க.