ஸ்கிரிப்ட் வைத்தால் சாப்ட்வேர் மெதுவாகிவிடுமாம்!

"ஸ்கிரிப்ட்லாம் உள்ள வைக்காதீங்க சார், ஸ்லோ ஆயிடும்." ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று எந்த உதிரிபாகத் தொழிற்சாலைக்குச் சோதனை மேடை சாப்ட்வேர் பேசப் போனாலும், டீ வருவதற்கு முன்னால் இது வந்துவிடுகிறது. சொல்கிறவர் யார் என்று பார்த்தால், காலையிலிருந்து எக்செல் மேக்ரோவில் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் போட்டுக்கொண்டிருப்பவர். பக்கத்து டூல் ரூமில் ஆட்டோகேடுக்குள் ஆட்டோலிஸ்ப் ஓடுகிறது. அது 1986-லிருந்து அங்கே குடியிருக்கிறது. ஹைப்பர்மெஷ்ஷில் உட்காரும் பையன் டிக்கிள் எழுதுகிறான். எல்லாமே டெஸ்க்டாப் அப்ளிகேஷனுக்குள் பதித்த ஸ்கிரிப்ட் மொழிகள்தான். அங்கெல்லாம் போகாத வேகம், லீக் டெஸ்ட் மேடைக்கு லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியை வைக்கலாம் என்றால் மட்டும் போய்விடுமாம்.

சரி, கணக்கே போடுவோம். பார்கோடு ஸ்கேன், கிளாம்ப், காற்று நிரப்புதல், அது அடங்கும்வரை காத்திருத்தல், அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தல், லேபிள் அடித்தல். இவ்வளவுதான் லீக் டெஸ்ட். காற்று அடங்கவே சில விநாடிகள் ஆகும். அழுத்த மீட்டர் 9600 பாட் சீரியல் போர்ட்டில் பேசினால் ஓர் எழுத்து வந்து சேர ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல். 20 எழுத்துள்ள ஒரு ரீடிங்குக்கு 20 மில்லி விநாடிக்கு மேல். அதற்குள் சாதாரண ஆபீஸ் பிசியிலேயே லுவா லட்சக்கணக்கான எளிய கட்டளைகளை முடித்துவிடும். இந்தச் சோதனைக்குத் தேவையோ சில நூறு. நேரமெல்லாம் காற்றிலும் கம்பியிலும் போகிறது, பழி மட்டும் ஸ்கிரிப்ட் மேல். கனம் என்றும் சொல்ல முடியாது. நூலகங்களோடு சேர்த்தே லுவா ஒரு எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

பின்னே இந்தப் புரளி எங்கிருந்து கிளம்பியது? யாரோ ஒரு புரோகிராமர், திரையை வரையும் அதே திரெட்டில் ஸ்கிரிப்டை ஓட்டியிருப்பார். ஸ்கிரிப்டில் "ஐந்து விநாடி காத்திரு" என்று ஒரு வரி. அந்த ஐந்து விநாடியும் ஜன்னல் உறைந்து, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வெளுத்துப்போய் நிற்கும். லைன் சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார், கதை சிப்காட் முழுக்கப் பரவிவிட்டது. அதே காத்திருப்பை அதே திரெட்டில் சி ஷார்ப்பில் எழுதியிருந்தாலும் ஜன்னல் அப்படியே உறைந்திருக்கும். காத்திருக்க வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்ட் கட்டுப்பாட்டை அப்ளிகேஷனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரம் வந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர வேண்டும். லுவாவின் கோரூட்டீன் இதற்கென்றே இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் புகார் நியாயம். கேமரா படத்தின் 50 லட்சம் புள்ளிகளையும் ஸ்கிரிப்டில் லூப் போட்டு எண்ணினால் மெதுவாகத்தான் இருக்கும். அந்த வேலையை ஓபன்சிவி என்ற பட நூலகம் செய்யட்டும். "துளை இருக்கிறதா?" என்று கேட்பதோடு ஸ்கிரிப்ட் நிறுத்திக்கொள்ளட்டும்.

உண்மையில் எது ஸ்லோ தெரியுமா? மாடல் மாறுகிறது, லீக் லிமிட்டை மாற்ற வேண்டும். லிமிட் எக்ஸ்இ ஃபைலுக்குள் புதைந்து கிடக்கிறது. வெண்டரின் ஆள் லேப்டாப்போடு அம்பத்தூரிலிருந்து புறப்பட்டு, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒரகடம் வந்து சேரும்வரை லைன் நிற்கிறது. இந்த மணிக்கணக்கை மட்டும் யாரும் ஸ்லோ என்று சொல்வதில்லை!

"கான்ஃபிக் ஃபைல் போதுமே" என்பது அடுத்தது. லுவா பிறந்த கதையே இதற்குப் பதில். பிரேசிலின் பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் குழு டெல், சோல் என்று இரண்டு மொழிகளைச் செய்து கொடுத்தது. இரண்டும் தரவை விவரிக்க மட்டும். பயன்படுத்தியவர்கள் 'இப்படி இருந்தால்' கேட்டார்கள், பிறகு லூப் கேட்டார்கள். 1993-ல் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு முழு மொழியாகவே லுவாவை எழுதினார்கள். உங்கள் கான்ஃபிக் ஃபைலும் அதே பாதையில்தான் போகும். அரைகுறை மொழி ஒன்றை நீங்களே எழுதி, நீங்களே பிழை திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

"வைரஸ் வரும்." 1999-ல் மெலிசா வேர்ட் மேக்ரோ வழியாகப் பரவியது உண்மை. மேக்ரோவின் கைக்கு மெயில் உட்பட எல்லாம் எட்டியதால் வந்த வினை அது. லுவாவில் ஃபைலைத் தொடும் நூலகத்தையும் சிஸ்டம் கட்டளை நூலகத்தையும் நீங்கள் திறந்து கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காதீர்கள். முன்கூட்டியே கம்பைல் செய்த பைட்கோடையும் ஏற்காதீர்கள். இத்தனை கட்டளைக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று ஒரு காவலும் போடுங்கள்.

"ஆபரேட்டர் கை வைத்துவிடுவார்." பாஸ்வேர்டு எதற்கு இருக்கிறது?

"பைதான் வைத்தால் என்ன?" வையுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் லைனில் இருக்கும் பிசி விண்டோஸ் 7 என்றால் பைதான் 3.8-ஐத் தாண்ட முடியாது. லுவா சுத்தமான சி. கம்பைலர் இருக்கும் இடமெல்லாம் ஓடும்.

இவ்வளவு பேசிவிட்டு, எர்ரர் செய்தி பற்றிய என் பழைய சண்டையை விட முடியுமா? நைட் ஷிஃப்ட்டில் மேடைக்கு முன்னால் நிற்பவர் திருவண்ணாமலைக்காரராக இருப்பார், இல்லையென்றால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருப்பார். திரையில் 'எர்ரர் 23' என்று வந்தால் அவர் என்ன செய்வார்? ரீசெட்டை அழுத்துவார், வேறென்ன! செய்திகளை ஸ்கிரிப்டுக்கே கொண்டு வாருங்கள். ஒரு டேபிள், அதில் தமிழ், இந்தி, ஒடியா மூன்று வரிசை: "கிளாம்ப் மூடவில்லை, இடப்பக்க சென்சாரைத் துடை" என்று முழு வாக்கியமாக. லுவாவுக்கு யுடிஎஃப்-8 சரம் வெறும் பைட்டுகள்தான், மறுபேச்சில்லாமல் கடத்திவிடும். எழுத்துரு இல்லை என்ற சாக்கும் செல்லாது. விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா யுஐ மூன்றையும் காட்டும். 7 என்றால் லதா, மங்கள், கலிங்கா மூன்றும் அதிலேயே இருக்கின்றன.