எபேசு: கடலை இழந்த துறைமுகம்



மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பற் பயணம் செய்யும் வாய்ப்பு இன்று நம்மவர் சிலருக்கும் கிடைக்கிறது. அக்கப்பல்களிற் பல துருக்கியின் குசாதாசித் துறைமுகத்தில் ஒரு பகற்பொழுது தங்கும். அங்கிருந்து பஸ் வண்டியில் ஏறினால் அரை மணி நேரமளவில் எபேசு நகரின் இடிபாடுகளை அடையலாம். வெறும் கற்களைக் கண்டு திரும்புவோரும் உண்டு. ஒரு பாடத்தைக் கற்றுத் திரும்புவோரும் உண்டு. போகுமுன் அப்போஸ்தலர் பணி நூலின் 19ஆம் அதிகாரத்தை வாசித்திருந்தால் நாம் இரண்டாம் வகையினராவோம். பயணம் செய்ய இயலாதோர் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே உடன் வரலாம்.

மேல் வாயிலிலிருந்து

வழிகாட்டிகள் பெரும்பாலும் மேல் வாயிலால் உட்புகுந்து, சரிவான பாதை வழியே கீழ்நோக்கி அழைத்துச் செல்வார்கள். பளிங்குக் கற்கள் வழுக்கும். நிழல் மிகக் குறைவு. ஆகவே நல்ல சப்பாத்தும் தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

சரிவின் அடியில் செல்சு நூல்நிலையத்தின் இரண்டடுக்கு முகப்பு நிற்கின்றது. எல்லோரும் படமெடுப்பது இங்கேதான். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். இது 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சின்னப்பர் இதைக் கண்டதில்லை. அவர் இந்நகரில் வாழ்ந்தது கி.பி. 50களில். அக்காலத்தில் எபேசுவில் பேசப்பட்டவை வேறு நூல்கள். புதிதாக விசுவசித்தவர்களுள் மாயவித்தை செய்து வந்த பலர், தங்கள் நூல்களைத் தாங்களே கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் எரித்தார்கள். அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசுகள் என்று வேதாகமம் கூறுகிறது. அவர்களுடைய விசுவாசம் அவர்களுக்கு விலையில்லாமல் வரவில்லை.

நாடக அரங்கில்

அடுத்து, ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய மாபெரும் அரங்கு. அர்த்தெமி தேவதையின் கோயில் உருவங்களை வெள்ளியிற் செய்து விற்ற தட்டார்கள், சின்னப்பரின் போதனையால் தங்கள் தொழில் கெடும் என்று அஞ்சி ஊரைக் கிளப்பிய இடம் இதுவே. இரண்டு மணி நேரம் மக்கள் கூச்சலிட்டார்கள். தம் தோழர் இருவர் உள்ளே இழுத்துச் செல்லப்பட்டதை அறிந்த சின்னப்பர் அந்தக் கூட்டத்தினுள் போக விரும்பினார். சீடர்கள்தாம் தடுத்து நிறுத்தினார்கள். அந்தக் கற்படிகளில் சற்று அமர்ந்து இதை எண்ணிப் பாருங்கள். எபேசுத் திருச்சபையின் முதல் அன்பு இத்தகையது.

கடல் எங்கே?

அரங்கின் முன்னிருந்து அகன்ற வீதியொன்று நேராகத் துறைமுகத்தை நோக்கிச் செல்கிறது. ஆனால் அதன் முடிவில் அலையுமில்லை, கப்பலுமில்லை. புல்லும் சதுப்புமே உண்டு. கடல் இன்று பல கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

எபேசுவைப் பூமியதிர்ச்சி உலுக்கியது. 3ஆம் நூற்றாண்டில் கோத்தியர் கொள்ளையிட்டனர். அவற்றின் பின்னும் மக்கள் மீண்டும் கட்டினார்கள். அவர்களால் வெல்ல முடியாதது சேறு. காயிஸ்தர் ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல் துறைமுகத்தை மெல்ல மெல்ல நிரப்பிற்று. கிறிஸ்துவுக்கு முன்பே, துறைமுகத்தை ஆழமாக்கும் எண்ணத்துடன் ஓர் அரசன் அதன் வாயைக் குறுக்கினான். வண்டல் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி நிலைமை மோசமாயிற்று என ஸ்திராபோ என்ற பண்டைய ஆசிரியர் எழுதியுள்ளார். பின்னர் தூர் வாரியும் பார்த்தார்கள். கப்பல் வராத நகரை மக்கள் சிறிது சிறிதாகக் கைவிட்டனர்.

இப்போது திருவெளிப்பாடு 2ஆம் அதிகாரத்தை எடுங்கள். எபேசுத் திருச்சபையின் உழைப்பையும் பொறுமையையும் ஆண்டவர் பாராட்டுகிறார். ஆயினும் அது தன் முதல் அன்பை விட்டுவிட்டது என்று கண்டிக்கிறார். பெரும் பாவமொன்றைச் செய்துவிட்டது என்று அவர் குற்றஞ்சாட்டவில்லை. கடமைகள் நடந்தன, அன்பு மட்டும் தூர்ந்துபோயிற்று.

நம் குடும்பங்களிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. ஒரு நாள் மாலைச் செபம் தவறுகிறது. பின்பு அது வழக்கமாகிறது. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசுவது குறைகிறது. எவரும் சண்டையிடவில்லை, எவரும் வேதத்தை மறுதலிக்கவுமில்லை. ஆயினும் ஒருநாள் நிமிர்ந்து பார்க்கையில் கடல் எங்கோ போய்விட்டது.

திரும்புமுன்

துறைமுக வீதிக்கு அருகே தேவமாதா ஆலயத்தின் இடிபாடுகள் உள்ளன. 431ஆம் ஆண்டில் எபேசுவிற் கூடிய பொதுச்சங்கம் மரியாள் இறைவனின் தாய் என்னும் உண்மையை உறுதிப்படுத்தியது. அவசரத்தில் பலர் இவ்விடத்தைத் தவறவிடுவர். வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அருகிலுள்ள மலையில், அன்னை இறுதிக்காலத்தில் வாழ்ந்ததாகப் பலர் நம்பும் சிறு வீடும் உண்டு. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1967ஆம் ஆண்டிலும், இரண்டாம் அருள் சின்னப்பர் 1979ஆம் ஆண்டிலும் அங்கு சென்று செபித்தனர்.

கப்பல் எவருக்காகவும் காத்திராது. குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். ஆனால் மனந்திரும்பி முன்பு செய்தவற்றை மீண்டும் செய்யும்படி எபேசு மக்களுக்கு ஆண்டவர் தவணை கொடுத்தார். அந்தத் தவணை நமக்கும் உண்டு. இன்றிரவே குடும்பமாகக் கூடி அந்த ஏழு வசனங்களை வாசியுங்கள். முதற்பிடிச் சேற்றை அள்ளுவதற்கு அதுவே போதும்.