உலை இல்லாத பசுமைக்குடில்

பசுமைக்குடில் என்றதும், உள்ளே சேரும் உஷ்ணத்தை எவ்வாறு வெளியேற்றுவது என்பதே நம் சமவெளி விவசாயிகளின் கவலையாக இருக்கும். குளிர் நாடுகளில் கவலை நேர்மாறானது. அங்கே பனிக்காலத்தில் குடிலுக்கு வெப்பம் ஊட்டாவிடில் ஒரே இரவில் பயிர் கருகும். ஊட்டினாலோ எரிபொருட் செலவு ஆதாயத்தை விழுங்கிவிடும். சீனாவின் ஷான்டோங் மாகாணத்துக் கிராமம் ஒன்று இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்ட விதத்தை இங்கு ஆராய்வோம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. உள்ளே 15 டிகிரி, வெளியே உறைநிலைக்குக் கீழ் 10 டிகிரி என்று கொள்வோம். ஒற்றைப் பிளாஸ்டிக் படலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் ஏறத்தாழ 150 வாட் வெப்பம் இடைவிடாது வெளியேறும். 16½ சென்ட் பரப்புள்ள படலமாயின், 12 மணி நேர இரவில் 1,200 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் வீணாகும். சாதாரண அடுப்பில் ஒரு கிலோ நிலக்கரி 4 யூனிட் அளவே பயன் தருவதாகக் கொண்டால், ஓர் இரவுக்கு 300 கிலோ நிலக்கரி! ஆகவே அடுப்பைச் சீர்திருத்துவதைவிட, வெப்பம் வெளியேறும் வழியை அடைப்பதே முதற்கடமை என்பது விளங்கும்.

ஷௌகுவாங் வட்டாரத்துச் சான்யுவான்சு கிராமத்தின் கட்சிச் செயலாளர் வாங் லேயி, லியாவோனிங் மாகாணத்தின் வாஃபாங்தியனில் நிலக்கரியின்றியே பனிக்காலத்தில் வெள்ளரி விளைவதை அறிந்து, அம்முறையைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். குடில் அமைக்க, வயலில் முற்றாது நின்ற மக்காச்சோளத்தை வெட்டவேண்டியிருந்தது. கையில் இருக்கும் விளைச்சலை விட்டுக்கொடுக்க எந்த ஊரில்தான் மனம் வரும்? ஊரார் தயங்கினர். கட்சி உறுப்பினர் 17 பேர் முன்வந்து, 1989இல் 17 குடில்களை அமைத்தனர். பயன் கண்கூடாகத் தெரிந்தபின், மறு ஆண்டே சுற்று வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடில்கள் எழுந்தன.

இக்குடிலின் அமைப்பு கவனிக்கத்தக்கது. நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையும். தெற்குப் பக்கம் மட்டுமே படலம். வடக்கே மிகத் தடித்த மண்சுவர். இரு ஓரங்களிலும் சுவரே. பனிக்காலச் சூரியன் தென்வானில் தாழ்ந்து செல்வதால், அதன் கதிர்கள் நேரே வடசுவரின்மீது விழுகின்றன. சுவரும் தரையும் பகலெல்லாம் வெப்பத்தை உள்வாங்கி, இரவில் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. மாலையில் படலத்தின்மீது கனத்த வைக்கோற் பாய்களை விரிப்பர், காலையில் சுருட்டுவர். நீலகிரியில் உறைபனி இறங்கும் இரவுகளில் நாற்றுகளை மூடிவைப்போர் இதன் அருமையை எளிதில் உணர்வர். பாயை விரிப்பதில் தாமதித்தால் சேர்த்த வெப்பம் போய்விடும். சுருட்டுவதில் தாமதித்தால் பயிருக்கு ஒளி குறையும். பாய் நனைந்தால் வெப்பத்தைக் காக்கும் திறன் குன்றும் என்பதால், அதன்மேல் மற்றொரு படலத்தையும் போர்த்துவதுண்டு. தென் ஓரத்தில் பள்ளம் தோண்டி வைக்கோல் நிரப்பினால், நிலத்தின் வழியே குளிர் புகாது. வாயிலில் ஒரு சிறு முன்னறையும் வைப்பர்.

குறைகளும் இல்லாமல் இல்லை. சுவர்கள் அதிக நிலத்தைக் கொள்கின்றன. ஒரு குடிலின் நிழல் அடுத்ததன்மீது விழாதிருக்க இடைவெளியும் விடவேண்டும். சுவருக்காக மேல்மண்ணை வெட்டியெடுப்பதை நாம் ஒப்புவதற்கில்லை. மூடிய குடிலில் ஈரம் தங்கி நோய் பரவும். பல நாள் தொடர்ந்து மேகமூட்டம் நிலவினால், தற்காலிகமாகவேனும் வெப்பம் ஊட்டியே ஆகவேண்டும்.

நெதர்லாந்து நாட்டின் கண்ணாடிக் குடில்கள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையே நம்பி வளர்ந்தவை. அவற்றின் விளைச்சல் இம்மண்சுவர்க் குடில்களைவிட மிக அதிகம். எனினும் 2022இல் எரிவாயு விலை கடுமையாக ஏறியபோது, சிலர் குடில்களைப் பயிரின்றி வெறுமையாக விடவும் நேர்ந்தது. அங்கும் இரவில் கூரைக்குக் கீழே திரையை இழுத்து மூடுகின்றனர். வைக்கோற் பாய் செய்யும் வேலையையே அத்திரையும் செய்கிறது. திரையை இயக்குவது மோட்டார். ஷௌகுவாங்கிலும் கயிற்றால் பாய் சுருட்டிய கைகளின் இடத்தை இப்பொழுது மோட்டார்கள் பெருமளவில் பிடித்துவிட்டன.