மனநோய் உள்ள உறவினரோடு ஊர் திரும்புதல்

ஊர் திரும்பும்போது கூரை போடுவது, கிணறு இறைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று வேலைகள் குவிந்துவிடும். வீட்டில் ஒருவர் மனநோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால், அந்த மருந்து இந்த அவசரத்தில் மறந்துபோகும்.

முகாமில் மருந்து தவறாமல் கிடைத்தது. தம்பி சுகமாக இருந்தார். ஊருக்கு வந்தபின் "இப்ப நல்லாத்தானே இருக்கிறான், பிறகு பாப்பம்" என்று விட்டுவிடுகிறோம். உடனே மாற்றம் தெரியாது. சில கிழமைகளோ மாதங்களோ கழித்து நித்திரை குறையும். தனியே கதைப்பார். வீட்டாரையே சந்தேகிப்பார். அயலவர் "பேய் பிடிச்சிட்டுது" என்பார்கள். ஆனால் நடந்தது மருந்து நின்றதால் நோய் திரும்பியதுதான்.

புறப்படுமுன்

கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஊருக்கு அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள். அங்கு போய்ச் சேரும்வரை போதுமான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். மாதாந்தம் ஊசி போடுபவராயின் அடுத்த ஊசித் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும்

2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, மனநலச் சேவை மாவட்டங்களிலேயே கிடைக்க வேண்டும் என்றது. எனவே அங்கொடை வரை போக வேண்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்.

கிராம அலுவலரின் குடும்பப் பதிவில் அவருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். உறவினர் இல்லாமல் தனியே இருப்பவர் உங்கள் ஊரில் இருந்தால், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அறிவியுங்கள். அவருக்காகப் பேச வேறு ஆள் இல்லாமல் இருக்கலாம்.

வீட்டில்

கொட்டில் சிறிதாக இருந்தாலும் அவர் அமைதியாகப் படுக்க ஒரு மூலை கொடுங்கள். தண்ணீர் அள்ளுதல், கோழிக்குத் தீன் போடுதல் போன்ற ஒரு வேலையை அவருடையது என்று விடுங்கள். சங்கிலியால் கட்டவோ, அறையில் பூட்டவோ வேண்டாம். கோயிலில் நேர்த்தி வைப்பதையும் ஜெபிப்பதையும் விட வேண்டியதில்லை. மருந்தையும் விட வேண்டாம். மருந்தால் சோர்வோ நடுக்கமோ வந்தால் நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பராமரிப்பது ஒருவர் தலையில் மட்டும் விழக்கூடாது. அம்மா களைத்தால் அக்காவோ அயலவரோ ஒரு நாள் பொறுப்பெடுங்கள். வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வந்தால், சில காலம் தங்கிச் சமையல், தோட்டம் போன்ற வேலைகளை மீண்டும் பழகும் புனர்வாழ்வு நிலையங்களைப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். அங்கு விடுவது அவரைக் கைவிடுவது ஆகாது. போய்ப் பாருங்கள், திரும்பி வரும் நாளைப் பற்றி அவரோடு கதையுங்கள்.

உடனே உதவி தேவைப்படும்போது

சாகப்போவதாகச் சொன்னாலோ, சாப்பாடு தண்ணீரை மறுத்தாலோ தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

குடும்பமாகக் கதையுங்கள்

1. அடுத்த கிளினிக் நாள் எது? யார் கூட்டிக்கொண்டு போவது?
2. புதிய வீட்டில் அவருக்குரிய இடம் எது?