இரண்டாம் நிலை லீகும் நம் ஊர்ப் பெண்களும்

ஓர் ஊர் முன்னேறியதா என்று கேட்டால், சாலை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டிடம் ஆகியவற்றை எண்ணிக் காட்டுவது நம் வழக்கம். அவ்வூரில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மாலை வேளையில் அச்சமின்றி ஓடி விளையாட இடம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. இக்கேள்விக்கும், அகில இந்திய அளவில் நடைபெறும் பெண்கள் கால்பந்து லீகுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். ஊராட்சிப் பிரதிநிதிகளும், மகளிர் குழுவினரும், உடற்கல்வி ஆசிரியர்களும் கூடியிருந்து இதனைப் படித்து விவாதிக்கலாம்.

1. சிறிது வரலாறு

பெண்கள் கால்பந்து புதிய பழக்கமன்று. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இரு பெண்கள் அணிகள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர்களின் மைதானங்களில் பெண்கள் ஆடலாகாது என்று தடை விதித்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆட்டத்தைத் தடுக்க வேறொரு சட்டமும் வேண்டியிருக்கவில்லை. மைதானத்தை மறுத்ததே போதுமானதாக இருந்தது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துவது நலம்.

நம் நாட்டில் 1975இல் பெண்கள் கால்பந்துக்கெனத் தனிச் சம்மேளனம் தோன்றியது. கோழிக்கோட்டில் 1980இல் நடந்த ஆசியப் போட்டியிலும், பாங்காக்கில் 1983இல் நடந்த போட்டியிலும் இந்திய அணி இரண்டாமிடம் பெற்றது. பிறகு நீண்ட தேக்கம் வந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் தாய்லாந்து அணியை அதன் மண்ணிலேயே 2-1 என்ற கணக்கில் வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு நம் பெண்கள் தகுதி பெற்றனர். தகுதிச் சுற்றின் வழியாக அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை.

2. இரண்டு நிலைகள்

அகில இந்திய அளவிலான பெண்கள் லீக் 2016-17ஆம் பருவத்தில் தொடங்கியது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் முதல் வெற்றியாளர். 2023-24ஆம் பருவத்தில் அதற்குக் கீழே இரண்டாம் நிலை லீக் ஏற்படுத்தப்பட்டது.

இதன் ஏற்பாடு எளியது. வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நிலையில் முதலில் குழு ஆட்டங்கள் நடைபெறும். அவற்றில் தேறிய அணிகள் இறுதிச் சுற்றில் மோதும். அங்கு முதல் இரண்டு இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த பருவத்தில் மேல்நிலைக்கு ஏறும். மேல்நிலையில் கடைசியில் நிற்பவை கீழே இறங்கும். 2024இல் கொல்கத்தாவின் ஸ்ரீபூமியும் ஒடிசாவின் நிதா அகாடமியும் ஏறின. 2025இல் டில்லியின் கர்வால் யுனைடெட்டும் கோவாவின் சேசா அகாடமியும் ஏறின.

இறங்குவது எவருக்கும் விலக்கன்று. 2023-24இல் மேல்நிலையின் வெற்றியாளராக விளங்கிய ஒடிசா அணி, அடுத்த பருவத்திலேயே கடைசி இரண்டு இடங்களுள் ஒன்றைப் பெற்று இரண்டாம் நிலைக்கு இறங்கிற்று. சென்ற ஆண்டின் பெயர் இந்த ஆண்டின் புள்ளியாகாது என்பதே லீக் முறையின் நீதி.

3. ஒரு பருவம் என்பது யாது?

மேல்நிலையில் 2024-25இல் 8 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளுடன் சொந்த ஊரில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையுமாக 14 ஆட்டங்கள் ஆடிற்று. இரண்டாம் நிலையின் நிலைமை வேறு. ஐந்து அணிகள் கொண்ட குழு ஒன்றில் ஒவ்வொன்றும் மற்றவற்றை ஒருமுறை சந்திக்குமாயின், ஓர் அணிக்குக் கிடைப்பவை நான்கே ஆட்டங்கள். அவற்றுள் ஒன்றில் தோற்றால் மீள்வது கடினம். தேறாத அணிக்குப் பருவம் சில நாட்களிலேயே முடிந்துவிடும்.

இதன் பொருளை ஆராய்ந்து பார்ப்போம். ஒரு பெண் ஆண்டு முழுதும் அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்கிறாள். பின்னர் இரயிலேறித் தொலைவூர் செல்கிறாள். நான்கு ஆட்டங்கள் ஆடித் திரும்புகிறாள். அவளுடைய தேர்ச்சி அந்தச் சில நாட்களில் உருவாவதன்று. அதற்கு முன் கழிந்த மாதங்களில், அவளுடைய ஊரில், பள்ளியில், பக்கத்து ஊர் அணிகளுடன் ஆடிய ஆட்டங்களில் உருவானதாகும். உழவர் நன்கறிவர்: களத்துமேட்டில் நெல்லைத் தூற்றுவது ஒரு நாள் வேலை, அதற்கு முன்னே நாற்றங்காலும் களையெடுப்பும் மாதக்கணக்கான வேலை. நாற்றங்கால் நம் பொறுப்பு.

4. தமிழ்நாடு காட்டிய வழி

நம் மாநிலப் பெண்கள் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாக் நகரில், பல முறை வாகை சூடிய மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு தேசியப் பட்டத்தைப் பெற்றது. 2023ஆம் ஆண்டு ஜூனில் அமிருதசரசில் அரியானாவை வென்று மீண்டும் பெற்றது. மதுரையின் சேது அணி 2019ஆம் ஆண்டு லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வீழ்த்தி அகில இந்திய லீகை வென்றது.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடிய நடுக்கள வீராங்கனை. தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றியவர். 2020இல் ஊரடங்கின்போது அவர் சென்னைத் தெருக்களில் காவற்பணி புரிந்தார். பந்து ஆடும் பெண் குடும்பத்துக்கு உதவாள் என்று எண்ணும் பெற்றோர்க்கு இவர் வாழ்வே விடையாகும்.

5. இரும்புலியூர் தரும் எச்சரிக்கை

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் ஒருகாலத்தில் ஏரியும் வயலும் கொண்ட சிற்றூர். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மதுரவாயலுக்குச் செல்லும் புறவழிச்சாலை இங்கேதான் பிரிகிறது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது இவ்வூரும் அதன் பகுதியாயிற்று. சாலை வந்தது, வீடு வந்தது, வேலை வந்தது, இவை நன்மைகளே. ஆனால் நகரம் நெருங்கும் ஊர்களில் முதலில் மறைவது வெற்றிடம். நிலத்தின் விலை ஏறியபின் எந்த ஊராட்சியும் மைதானத்துக்கென்று ஏக்கரை விலைக்கு வாங்க இயலாது. முடிச்சூர், மண்ணிவாக்கம், வண்டலூர் என்று தெற்கே நீளும் வரிசையில் உள்ள ஊர்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். இடம் சுருங்கும்போது எஞ்சிய மூலையை இளைஞர்கள் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொள்கின்றனர். பெண்கள் வீட்டுக்குத் திரும்புகின்றனர். முன்னர்க் கூறிய 1921ஆம் ஆண்டுத் தடையை இங்கு எவரும் விதிக்கவில்லை. ஆயினும் விளைவு ஒன்றே.

6. செய்யத்தக்கவை

(அ) இடம்: முழு அளவுக் கால்பந்து மைதானத்துக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும், அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். அஃது இல்லையெனின் மனம் தளர வேண்டா. அணிக்கு எழுவராக ஆட 60 மீட்டருக்கு 40 மீட்டர், ஏறத்தாழ 60 சென்ட், போதும். பெரிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி வழங்கும்போது, சாலை நீங்கலான நிலத்தில் 10 விழுக்காடு திறந்தவெளியாகத் தானப் பத்திரத்தின் வாயிலாக உள்ளாட்சிக்கு வரவேண்டும் என்பது விதி. சாலை நீங்கலாக ஆறு ஏக்கர் உள்ள மனைப்பிரிவில் 60 சென்ட் கிடைக்கும். அது ஒரே துண்டாகவும் சதுரத்துக்கு நெருங்கிய வடிவிலும் உள்ளதா என்று மன்றம் வரைபடத்தை ஆராய்தல் வேண்டும். மூலைக்கு மூலை சிதறிய துண்டுகள் ஏட்டில் மட்டுமே திறந்தவெளியாம். ஏரிப் புறம்போக்கை மட்டும் எக்காரணத்தாலும் தொடலாகாது. நீருக்குரிய இடம் நீருக்கே.

(ஆ) நேரம்: வாரத்தில் மூன்று மாலைகளைப் பெண்களுக்கென ஒதுக்கி, மன்றத் தீர்மானத்தில் எழுதி, மைதான வாயிலில் பலகை வைத்திடுக. வாய்மொழி ஏற்பாடு ஒரு திங்களும் நிலைக்காது. விளக்கும், கதவுள்ள கழிப்பறையும், உடை மாற்றும் அறையும் இல்லாத மைதானம் பெண்களுக்குப் பாதி மைதானமே.

(இ) உபகரணம்: 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டது. அப்பொருள்கள் அலுவலகப் பீரோவில் உறங்குமாயின் பயனில்லை. அவற்றின் பொறுப்பை மகளிர் குழு உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று.

(ஈ) உடல்நலம்: 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்வதும், கீரை, பயறு, முட்டை உண்பதும் பயிற்சியின் பகுதியே. முழங்கால் தசைநார்க் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிடம் முறையான ஓட்டம், சமநிலை, குதிப்புப் பயிற்சிகளைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இதற்குக் காசு எதுவும் தேவையில்லை.

(உ) ஆட்டம்: பயிற்சி மட்டும் போதாது, போட்டி வேண்டும். பக்கத்து ஊர்கள் நான்கு சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றொன்றை இருமுறை சந்தித்தால் மொத்தம் 12 ஆட்டங்கள். ஞாயிறுதோறும் இரண்டு ஆட்டங்கள் நடத்தினால் ஆறு வாரத்தில் முடியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு ஆட்டங்கள் கிடைக்கும். அகில இந்திய இரண்டாம் நிலையின் ஐந்தணிக் குழுவில் கிடைக்கும் நான்கைவிட இது மிகுதி என்பதைக் கவனிக்க.

(ஊ) பெற்றோர்: பெண்கள் ஆட்டத்தைக் கைவிடுவது பெரும்பாலும் பூப்பெய்திய பின்னரும், பத்தாம் வகுப்புத் தேர்வின்போதும், திருமணப் பேச்சு எழும்போதுமே. இம்மூன்று வேளைகளிலும் ஆசிரியை ஒருவரும் மகளிர் குழுத் தலைவி ஒருவரும் வீட்டிற்குச் சென்று தாயிடம் பேசுதல் வேண்டும். சுற்றறிக்கை இப்பணியைச் செய்யாது.

7. விவாதத்திற்குரிய வினாக்கள்

1. நம் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் வந்த திறந்தவெளி நிலங்கள் எவை? இன்று அவை எந்நிலையில் உள்ளன?

2. நம் ஊரில் 13 முதல் 18 வயது வரையுள்ள பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் வாரம் ஒருமுறையேனும் விளையாடுவோர் எத்தனை பேர்?

3. நான்கு ஊர் லீக் நடத்த நம்முடன் சேரக்கூடிய மூன்று ஊர்கள் எவை? முதல் ஆட்டத்தை எந்த ஞாயிற்றுக்கிழமையில் வைக்கலாம்?

மூன்றாம் வினாவுக்குக் கூட்டம் கலையுமுன்னரே ஒரு தேதியை முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.