நாம்பனை நுகத்திற்குப் பழக்குதல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உழவு இயந்திரம் பெருகியபின் எருதுகளின் தொகை குறைந்துவிட்டது. ஆயினும் சோடி மாடு வைத்திருக்கும் கமக்காரருக்கு ஒரு நல்ல எருது ஏழெட்டு வருட உழைப்பாகும். அவ்வுழைப்பு முழுவதும் கிடைப்பது, நாம்பனின் கழுத்தில் முதன்முதல் நுகம் ஏறிய வயதைப் பெரிதும் பொறுத்தது.

நாட்டு மாடு மெதுவாக முதிர்வது. இரண்டு வயதில் உடல் திரண்டு, திமில் எழுந்து, வேலைக்கு ஆயத்தமானதுபோலத் தோன்றும். ஆனால் கால் எலும்புகளின் நுனியிலுள்ள வளரும் குருத்தெலும்பு அப்பொழுது இறுகியிராது. முன்னங்கால் முழங்காலருகே அது இறுகுவதற்கு மூன்றரை முதல் நான்கு வயதாகும். இளமையில் நலமடிக்கப்பட்ட நாம்பனில் இது இன்னும் தாமதமாகும். அதனாலேயே அது காளையிலும் நெடிதாக வளர்கிறது. ஆதலின் உயரத்தைக்கொண்டு முதிர்ச்சியை மதித்தல் பிழையாகும்.

வாயைத் திறந்து பார்த்தலே தக்க வழி. மாட்டுக்கு மேற்றாடையில் முன்பற்கள் இல்லை; கீழ்த்தாடையில் எட்டு உண்டு. நடுவிலுள்ள இரு பாற்பற்கள் விழுந்து அகன்ற பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டு வயதில். நான்கு பல் ஆவது இரண்டரை முதல் மூன்று வயதில். எட்டும் நிறைவது நான்கு வயதையொட்டி. நாட்டு மாட்டில் சில மாதங்கள் பிந்துவதுண்டு. நான்கு பல்லில் பழக்கத் தொடங்கலாம். எட்டும் நிறையுமுன் முழுப்பாரம் ஏற்றலாகாது. தரகர் கூறும் வயதை நம்பி வாங்கியவரும் வீட்டில் ஒருமுறை பல்லைப் பார்ப்பது நன்று.

பெரும்போக அறுவடைக்குப்பின், தாளடியில் மேய்ந்து மாடு தேறியிருக்கும் காலமே பழக்குவதற்கு ஏற்றது. முதலில் அமைதியான கிழ எருதோடு வெறும் நுகத்தில் நடத்துக. அடுத்துச் சிறு மரக்கட்டையையும், அதன்பின் வெறும் வண்டிலையும் இழுக்கச் செய்க. வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் போதும். எழுவான்கரை மணற்பாதையில் சில்லு புதைவதால், சிறு பாரமும் பெரும்பாரமாகிவிடும். படுவான்கரை வயற்சேறும் அவ்வாறே. முதல் ஆண்டில் இறுகிய தரையே வேண்டும். வண்டிலில் முன்பாரம் மிகுந்தால் அது முழுவதும் கழுத்திலும் முன்னங்கால்களிலும் இறங்கும். இதனைப் பலர் கவனிப்பதில்லை.

நாள்தோறும் பூட்டுமுன் நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்புவரை கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டு மற்றதைவிடச் சூடாகவோ வீங்கியோ இருப்பின், அல்லது நடையின் எட்டுக் குறுகியிருப்பின், முந்திய நாள் வேலை மிகையானது என்பது பொருள். அன்று பூட்டாது விடுக. இரண்டு நாளில் தணியாவிடின் அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டுக. வீங்கிய மூட்டுக்குக் குறிசுடும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அதனால் உள்ளேயுள்ள சேதம் ஆறுவதில்லை. தோல் புண்ணாகி இலையான் மொய்ப்பதே மிச்சம். எண்ணெய் பூசி மறுநாளே பூட்டுவதும் தீங்கானது. நோவு சற்று அடங்கும்; மாடு இழுக்கும்; ஐந்தாறு வயதில் நிரந்தரமாக நொண்டி, இறைச்சி விலைக்கே போகும்.

கழுத்துத் தோல் கன்றியிருந்தால் அது ஆறும்வரை நுகம் வைத்தலாகாது. அந்நாட்களில் கயிற்றில் பிடித்து நடத்துவதே போதுமானது.