கடைக் கணக்கும் சமூகப்பணிப் படிப்பும்

நம் வர்த்தக அன்பர்கள் சிலரது இல்லங்களில் இப்பொழுது ஒரு புதுக் கேள்வி எழுகிறது. ஆறாம் படிவம் முடித்த மகளோ மகனோ வந்து, "அத்தா, நான் கலைத்துறையில் சேர்ந்து சமூகப்பணி படிக்கலாமென்று இருக்கிறேன்" என்கிறார். அத்தா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். "ஏழை எளியவருக்கு உதவ ஒரு பட்டமா? உன் பாட்டனார் அதைப் படிக்காமலே செய்தாரே!" என்கிறார்.

பாட்டனார் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய ஊர்களில் தோட்டத் தொழிலாளிக்கு மாதக் கடைசியில் கைகொடுத்தது வங்கியன்று, கடைதான். அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்னஞ்சிறு புத்தகத்தில் அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் என்று பற்று எழுதுவார்கள். சம்பள நாளில் வரவு வைப்பார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு குடும்பத்தின் நிலையே தெரியும். பால்மாவு ஏறினால் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. அரிசி குறைந்து பாக்கியும் கட்டப்படாவிட்டால் சம்பளம் கள்ளுக்கடைக்குப் போகிறது. பள்ளி நோட்டுப்புத்தகம் வாங்குவது நின்றுவிட்டால் பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டான். கடைக்காரர் இதையெல்லாம் அறிவார். சில வேளைகளில் அறிந்தும் அறியாதவர்போல் பாக்கியைத் தள்ளியும் வைப்பார்.

ஆனால் அந்தக் காலமும் அந்தத் தோட்டமும் இன்றில்லை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-ஆம் ஆண்டில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வர்த்தக முறையில் செம்பனை பயிரிட்டார். பின்னாளில் பால்மரம் இருந்த இடங்களிலெல்லாம் செம்பனை பரவிற்று. செம்பனைக்குப் பால்மரத்தளவு ஆள் வேண்டியதில்லை. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதியின்றித் தவித்து, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். தங்கியவர்களின் பிள்ளைகள் லயத்தை விட்டு மலிவுவிலை அடுக்குவீடுகளுக்கும் பட்டண ஓரங்களுக்கும் போய்ச் சேர்ந்தனர். பத்தாங் பெர்ஜுந்தைக்கே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. பேரங்காடியில் 555 புத்தகம் இல்லை. கடைக்காரருக்கும் வாடிக்கைக்காரருக்கும் இருந்த பழைய அறிமுகமும் அதனோடு பெரிதும் போயிற்று.

அன்றியும், அறிமுகம் இருந்த காலத்திலும் நம்மால் எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்திற்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன ஒருவர் வழியில் லோரி மோதி இறந்துவிடுகிறார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் நிற்கிறார்கள். நாம் ஓடிப் போகிறோம். ஒரு மூட்டை அரிசி, கையில் கொஞ்சம் பணம், பெருநாள் வந்தால் துணிமணி. இது நல்ல காரியமே. ஆனால் அந்த அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும்.

அதே வீட்டிற்குச் சமூகப்பணி படித்த ஒரு பெண் போகிறாள். முதலில் உட்கார்ந்து கேட்கிறாள். விபத்து எந்த நேரத்தில், எந்தச் சாலையில் நடந்தது? வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழிதானா? அப்படியானால் அது சொக்சோ சட்டப்படி வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இறந்த தொழிலாளியை நம்பியிருந்தோருக்கு மாதந்தோறும் பணம் உண்டு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. சேமநிதியில் அவர் பெயரில் உள்ள தொகை எவ்வளவு, யாரை நியமித்திருந்தார்? திருமணம் பதிவாகியிருக்கிறதா? கடைசிப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தோட்டத்துக் குடும்பங்கள் பல சிக்கி நிற்கின்றன. பத்திரமில்லாத பிள்ளைக்குப் பள்ளியிலும் சிரமம், பிறகு அடையாள அட்டையிலும் சிரமம். அந்தப் பெண் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, எந்த இலாகாவில் எந்தப் பாரத்தை முதலில் கொடுப்பது என்று முறைப்படுத்துகிறாள். நம் அரிசி மூட்டையை அவள் குறை சொல்வதில்லை. அந்த மூட்டை தீருமுன் முடிக்க வேண்டிய வேலை எது என்று அவளுக்குத் தெரியும். படிப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இப்படிப்பு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1936-இல் பம்பாயில் டாட்டா அறநிதியின் பெயரால் முதல் சமூகப்பணிப் பள்ளி தோன்றிற்று. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் ஒன்று ஏற்பட்டது. அதே 1952-இல், அக்காலம் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகமும் இதற்கு டிப்ளோமா வகுப்பு தொடங்கிற்று. நம் நாட்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975-இல் முதலில் ஆரம்பித்தது. இன்று சின்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்திலும் சரவாக் பல்கலைக்கழகத்திலும்கூடக் கற்பிக்கிறார்கள்.

கலைப்படிப்பையும் இதையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் சிட்னி போன்ற பல்கலைக்கழகங்களில் இரண்டையும் சேர்த்தே ஐந்தாண்டுகள் படித்து இரண்டு பட்டம் பெறுகிறார்கள். அங்கே சமூகப்பணிக்கு 1000 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறை கலை, சமூக அறிவியல் பீடத்திற்குள்ளேயே இருக்கிறது. இங்கேயும் இது சமூக அறிவியலின் பக்கத்திலேயே வளர்ந்தது. காரணம் உண்டு. ஒரு வீட்டின் கஷ்டம் அந்த வீட்டோடு நிற்பதில்லை. கூலி, நிலம், சட்டம், சாதி, மொழி, குடிப்பழக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அவற்றை வரலாறும் பொருளாதாரமும் உளநூலும் படித்தே அறிய வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று பேராசிரியர் உங்கு அஜீஸ். அவர் சமூகப்பணிப் பட்டதாரியல்லர்; பொருளாதாரம் படித்தவர். கம்பத்து மக்களின் வறுமையை எப்படி அளப்பது என்று யோசித்தபோது, வீட்டில் எத்தனை கைலி இருக்கிறது என்று எண்ணினார். ஒரு வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை கைலி என்று வகுத்துப் பார்த்தார். கைலி விற்கும் நம்மவருக்கு இது உடனே விளங்கும்! காசில்லாதவன் முதலில் நிறுத்துவது புதுக் கைலி வாங்குவதைத்தான். அவரே 1959-இல், ஹஜ்ஜுக்குப் போக நிலத்தையும் மாட்டையும் விற்று, திரும்பி வந்து வறியவராகும் கம்பத்து மக்களுக்காகச் சேமிப்புத் திட்டமொன்றை எழுதிக் கொடுத்தார். 1963-இல் அது ஸ்தாபனமாயிற்று. இன்று தாபோங் ஹாஜி என்ற பெயரில் நடக்கிறது. நம்மில் பலர் அதில் கணக்கு வைத்திருக்கிறோம். கலைத்துறைப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர் அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும்.

"சேவை செய்வது அல்லாஹ்வுக்காக, அதற்குச் சம்பளம் வாங்குவதா?" என்று பெரியவர்கள் சிலர் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் திருக்குர்ஆனின் 9-ஆவது அத்தியாயம் 60-ஆவது வசனத்தில் ஜக்காத் பெறத்தக்க எட்டுப் பிரிவினர் சொல்லப்பட்டிருக்கின்றனர். ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் அடுத்து மூன்றாவதாக நிற்பவர் யார்? அதை வசூலித்து நிர்வகிக்கும் ஊழியர். அவருக்கும் பங்கு உண்டென்று வேதமே சொல்லியிருக்க, அறிந்து செய்யும் ஊழியத்திற்கு ஊதியம் கூடாதென்று நாம் சொல்வது எப்படி? ஒரு கடையைத் தெரியாத ஆளிடம் ஒப்படைக்க மாட்டோம்; யத்தீம் பிள்ளைகளின் காரியத்தை மட்டும் யார் கையிலும் விடலாமா?

உத்தியோகத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர், எஞ்சினியர் சம்பாத்தியம் இதில் கிடையாது. 1946-இல் ஏற்பட்ட சமூகநல இலாகா, பெரிய ஆஸ்பத்திரிகளின் சமூகப்பணிப் பிரிவு, ஜக்காத் ஸ்தாபனங்கள், தனியார் இல்லங்கள் ஆகியவற்றில் இடமுண்டு. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி, குற்றம் செய்த சிறுவனைப் பற்றி நீதிமன்றம் முடிவு சொல்லுமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்க்கிறது. ஒரு பையன் வீட்டுக்குப் போவதா, சீர்திருத்தப் பள்ளிக்குப் போவதா என்பதில் அந்தச் சில பக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்ப் பையனின் தாயாரிடம் தமிழிலேயே பேசி அதை எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு.

பெண்பிள்ளையை வீடு வீடாக அனுப்புவதா என்று தயங்குவோர், களப்பயிற்சி மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் நடப்பதென்பதை அறிந்துகொள்ளட்டும். பெண்களின் துயரம் பெண்ணிடமே சொல்லப்படும் என்பதையும் நாம் அறிவோம்.

பிள்ளை இதில் நாட்டங்கொண்டால் எஸ்.டி.பி.எம். பரீட்சைக்கு வரலாறு, பொருளாதாரம் போன்ற பாடங்களை எடுப்பது உதவும். செலவுக்கு 1997-இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கடனுக்கு எழுதலாம், அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. மலாய் எழுத்தில் தேர்ச்சி அவசியம். இலாகாவுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் அறிக்கைகள் அம்மொழியிலேயே எழுதப்படுகின்றன. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்பதற்குத் தமிழ் வேண்டும். நம் கடைப் பிள்ளைகளுக்குக் கல்லாவின் பக்கத்தில் நின்றே இரண்டும் பழகியிருக்கிறது. விடுமுறையில் பழைய 555 புத்தகம் ஏதேனும் அகப்பட்டால் அவர்கள் கையில் கொடுத்து, அதிலுள்ள குடும்பங்கள் இப்பொழுது எங்கே இருக்கின்றன என்று விசாரித்து வரச் சொல்லுங்கள்.